டெங் சியாவோபிங் சீன அதிபராக இருந்ததே இல்லை

"1978 முதல் 1989 வரை சீன அதிபராக இருந்து நாட்டை உலகுக்குத் திறந்துவிட்டவர் டெங் சியாவோபிங்" என்கிற மாதிரி வரிகள் பொது அறிவுக் குறிப்புகளிலும் வாட்ஸ்அப் பகிர்வுகளிலும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. திறந்துவிட்டது சரி. அதிபர் என்பதுதான் தவறு.

1978இல் சீனாவில் அதிபர் பதவியே கிடையாது. 1975 அரசியல் சட்டம் அதை எடுத்துவிட்டது. 1982இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1983இல் அதில் அமர்ந்தவர் லி சியான்னியான், 1988இல் யாங் ஷாங்குன். டெங் பிரதமராகவும் இருந்ததில்லை, துணைப் பிரதமரோடு சரி. 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார். ஆனால் அன்றைக்குக் கட்சித் தலைவர் மாவோ. கடைசி வார்த்தை அவருடையது.

அப்புறம் எப்படி அவர் சொன்னதெல்லாம் நடந்தது? 1981 முதல் 1989 வரை மத்திய ராணுவ ஆணையத்தின் தலைவர் அவர். படை கையில் இருந்தது, மூத்த தோழர்களின் ஆதரவும் இருந்தது. 1987இல் கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவின் நிலைக்குழுவை விட்டு விலகிய பிறகும், முக்கியமான விஷயங்களில் அவரைக் கேட்டே முடிவெடுப்பது என்று கட்சி ரகசியமாகத் தீர்மானித்திருந்தது. 1989 மே மாதம் பெய்ஜிங் வந்த சோவியத் தலைவர் கோர்பச்சேவிடம் இதைப் போட்டு உடைத்தவர், அப்போதைய பொதுச் செயலாளர் ஜாவோ சியாங். சில வாரங்களில் ஜாவோவின் பதவி போனதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

1992இல் டெங் தெற்குச் சீன நகரமான ஷென்ஜென் போய்ப் பொருளாதாரச் சீர்திருத்தத்தை மறுபடி முடுக்கிவிட்டபோது அவரிடம் அரசுப் பதவி, கட்சிப் பதவி எதுவுமே இல்லை.