பெயர் வைக்காமலே போன மனிதர்

சிக்ஸ்டன் பொக் என்ற பெயரை விலங்கியல் படித்தவர்களே பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நானும் ஒரு புழுவைப் பற்றித் தேடப்போய்த்தான் அவரிடம் வந்து சேர்ந்தேன்.

ஸ்வீடன்காரர். பிறப்பு 1884, இறப்பு 1946. 1913-இல் கடல் தட்டைப்புழுக்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். அடுத்த வருஷமே ஜப்பானுக்கும் போனின் தீவுகளுக்கும் கிளம்பிவிட்டார். 1917-இல் பசிபிக் தீவுகள் பக்கம் இன்னொரு பயணம். அப்புறம் ஸ்டாக்ஹோம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் முதுகெலும்பற்ற விலங்குகள் பிரிவின் பேராசிரியர். 1914-இல் அவர் அள்ளிக்கொண்டு வந்த பாசிப்பூச்சிகளை, அதாவது பாசி போலப் படர்ந்து கூட்டமாக வாழும் சின்னஞ்சிறு கடல் விலங்குகளை, பற்றி லார்ஸ் சிலேன் என்ற விலங்கியலாளர் 1941-இல் எழுதுகிறார். இருபத்தேழு வருஷம் கழித்து! ஜாடியும் லேபிளும் ஒழுங்காக இருந்ததால்தான் அது முடிந்தது.

நான் சொல்ல வந்தது 1915-இல் கிடைத்த ஒன்றைப் பற்றி. ஸ்வீடனின் மேற்குக் கரையில் குல்மார் ஃபியோர்டு. மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழைந்து நிற்கும் இடம். அதன் அடிச்சேற்றை வாரி மேலே கொண்டுவந்து, சல்லடையில் கடல்நீர் விட்டு அலசுவார்கள். சேறு போனபின் கிளிஞ்சல் துண்டு, குழாய்ப்புழுக் கூடு, கை ஒடிந்த நட்சத்திர மீன் என்று ஏதேதோ மிஞ்சும். அதற்குள் விரலின் ஒரு கணு நீளத்தில் வெளிறிய ஒன்று. தலை இல்லை. கண் இல்லை. வெட்டிப் பார்த்தால் மூளை இல்லை, ஆசனவாய் இல்லை. அடியில் ஒரு வாய், நடு உடம்பைச் சுற்றி அரைஞாண் கட்டிய தடம் போல ஒரு பள்ளம். அவ்வளவுதான். வேறு யாராவது இருந்தால், நசுங்கிய புழு என்று சேற்றோடு சேர்த்துக் கடலில் கொட்டியிருப்பார்கள். பொக் எடுத்து வைத்தார். ஆனால் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்காமலே இறந்தும் போனார்.

இது அவருடைய குறை என்று சிலர் சொல்வார்கள். எழுதி வெளியிடாத கண்டுபிடிப்பு கண்டுபிடிப்பே இல்லை என்பார்கள். பொதுவாகப் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் வருஷத்துக்கு எத்தனை பேப்பர் போட்டாய் என்று ஆளை எடை போடும் இந்தக் காலத்தில், தெரியாததைத் தெரியாது என்றே முப்பத்தொரு வருஷம் வைத்திருந்த ஒரு மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது. அவசரப்பட்டவர்கள் கதை என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

1949-இல் எய்னார் வெஸ்ட்பிளாட் என்ற விலங்கியலாளர் அதற்கு ஸெனோடர்பெல்லா பொக்கி என்று பெயர் வைத்தார். விசித்திரமான தட்டைப்புழு என்ற பொருளில் ஒரு பாதி, பொக்கின் நினைவாக ஒரு பாதி. பிற்பாடு பார்த்தால் அது தட்டைப்புழுவே இல்லை. 1997-இல் 'நேச்சர்' இதழில் ஒரே சமயத்தில் இரண்டு கட்டுரைகள். ஒன்று டிஎன்ஏவை வைத்து, இன்னொன்று உடம்புக்குள் கிடைத்த முட்டைகளையும் கருக்களையும் வைத்து. இரண்டுமே இது சிப்பி இனத்துக்குச் சொந்தம் என்றன. 2003-இல் உண்மை வெளியே வந்தது. அந்த டிஎன்ஏ புழுவுடையது அல்ல, அது தின்ற சிப்பியுடையது. கருக்களும் அப்படித்தான். மீன்குழம்பு சாப்பிட்டவன் வயிற்றைச் சுரண்டிப் பார்த்து, 'இவன் வஞ்சிரம்' என்று சான்றிதழ் கொடுத்த கதை.

சிரிக்கிறேனே தவிர அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் புழு அப்படிப்பட்டது.

நான் முதுகலை படித்த கல்லூரியில் ஓர் அலமாரி நிறைய ஜாடிகள் இருந்தன. பாதி ஜாடிகளில் லேபிளை மையில் எழுதியிருந்தார்கள். ஸ்பிரிட்டில் மை கரைந்து நீலத் தண்ணீராகி, நடுவே ஒரு நண்டு மிதக்கும். எந்தக் கடற்கரை, எந்த வருஷம், யாருக்கும் தெரியாது. பென்சிலில் எழுதியிருந்தால் நின்றிருக்கும். அந்த நண்டை வைத்து இனி ஒன்றும் செய்ய முடியாது. பொக்கின் அருமை எனக்கு அந்த அலமாரியை நினைத்தபோதுதான் புரிந்தது.

புழுவின் குலம் கோத்திரம் இன்னும் முடிவாகவில்லை. நம்மைப் போல இடதும் வலதும் ஒன்றுபோல அமைந்த இருபக்கச் சமச்சீர் விலங்குகளின் வம்ச மரத்தில் மிகப் பழைய கிளை இது என்று 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2019-இல் இன்னொன்று, இல்லை, நட்சத்திர மீன்களுக்குத்தான் பங்காளி என்றது. இரண்டு தரப்பும் இன்னும் மல்லுக்கு நிற்கின்றன.

அதே 2016-இல் கிழக்குப் பசிபிக்கின் ஆழத்தில் இதன் உறவுக்கார இனங்கள் நான்கு கிடைத்த செய்தியும் வந்தது. ஒன்று இருபது சென்டிமீட்டர் நீளம். இன்னொன்று பார்க்க எண்ணெயில் பொரித்த சுரோ பலகாரம் மாதிரி இருக்கிறது என்று அதற்கு 'சுரோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பொக் இருந்திருந்தால் இன்னொரு முப்பது வருஷம் யோசித்திருப்பார்.