மூடியை மேல வச்சா அது மூடினதா?

“மூடிட்டேன்க்கா.”

ரெண்டு மாசத்துக்கு முன்னால என் தம்பி சொன்ன வார்த்தை. இன்னிக்குக் காலையில இருந்து காதுக்குள்ள இதுதான் ஓடிக்கிட்டே இருக்கு. வயிறு எரியுது.

பெயிண்ட் டப்பாவோட மூடி விரல் பட்டு நகரக் கூடாதுங்க. சுத்திவர நாலஞ்சு இடத்துல நெம்பினாத்தான் ‘டப்’புன்னு காத்து வாங்கிக்கிட்டுத் திறக்கணும். இன்னிக்கு நான் மேல இருந்த தூசியைத் தட்டலாம்னு கையை வச்சேன், மூடி தானா நகர்ந்துச்சு. நகர்ந்துச்சு! அப்பவே பகீர்னு ஆயிடுச்சு. எடுத்துப் பார்த்தா உள்ள பெயிண்ட் இல்ல, தோல். விரலால அழுத்தினா அமுங்கி மறுபடி எழும்புது. கத்தியால ஓரத்தைக் கீறி அந்தத் தோலைத் தூக்கினா, கட்டை விரல் கனத்துக்கு அப்படியே வட்டமா கையோட வருது. அதுக்குக் கீழேயாவது ஏதாவது தேறுமான்னு குச்சியை விட்டேன். திப்பி திப்பியா, களிம்பு மாதிரி ஒரு வஸ்து. குச்சி நட்டுக்கிட்டு நிக்குது.

எனக்குத் தேவைப்பட்டது அரை டம்ளர் பெயிண்ட். அலமாரியை நகர்த்தும்போது சுவத்துல ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்து, பெயிண்டுக்கு அடியில பூசின பிரைமர் வெள்ளையா பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. சின்ன பிரஷ்ஷால ரெண்டு தடவை ஒத்தி எடுத்தா முடிஞ்ச வேலை. அந்த ஒரு சாணுக்காகத்தானே 4 லிட்டர் டப்பாவுல மூணுல ஒரு பங்கை மிச்சம் வச்சேன்!

தம்பிக்கு போன் பண்ணினேன். “கொஞ்சம் தண்ணி ஊத்திக் கலக்கிப் பாரேன்க்கா, சரியாயிடும்”ங்கறான். சரியாகாதுடா! எமல்ஷன்ங்கற இந்தச் சுவர் பெயிண்ட்ல இருக்கிற தண்ணி ஆவியாகப் போகப் போக, உள்ள மிதக்கிற பிசின் துளிகள் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி ஒட்டி ஒரே படலமா ஆயிடும். ஆனது ஆனதுதான். திரும்ப எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் கரையாது. கரையும்னா, சுவத்தை ஈரத்துணியால துடைக்கும்போதெல்லாம் கலர் கையோட வந்திருக்கணுமே? காஞ்சப்புறம் கரையக் கூடாதுங்கறதுக்காகவே செஞ்ச பொருளை டப்பாவுக்குள்ளயே காய விட்டுட்டு, இப்ப தண்ணி ஊத்துங்கறான்.

“அதே கலர் இன்னொரு டப்பா வாங்கிக்கோயேன்.” இது அவனோட அடுத்த யோசனை. உங்க வீட்டுலயும் யாராவது இதைச் சொல்லியிருப்பாங்க. ஷேடு நம்பர் ஒண்ணா இருந்தா கலரும் ஒண்ணா இருக்கும்னு நினைக்கிறாங்க. வெள்ளை பேஸ்ல மெஷின் சொட்டுச் சொட்டா சாயத்தை விட்டுக் கலக்கித் தர்ற பெயிண்ட் அது. ஒரு கலவைக்கும் இன்னொரு கலவைக்கும் இம்மியளவு வித்தியாசம் வரும். தனியா பார்த்தா தெரியாது. நடுச் சுவத்துல ஒட்டுப் போட்டா, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழும்போது பளிச்சுனு காட்டிக் கொடுத்துடும். தொழில் தெரிஞ்ச பெயிண்டருங்க ஒரே ஷேடுல ரெண்டு மூணு டப்பா வாங்கினாக்கூட, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே வாளியில ஊத்திக் கலந்துக்குவாங்க. ஒரு டப்பா முடிஞ்சு அடுத்தது தொடங்குற இடம் சுவத்துல தெரிஞ்சிடக் கூடாதுன்னு. அவங்களுக்கே அந்தப் பயம் இருக்கு.

அப்ப நான் என்ன பண்ணணும்? இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் முழுச் சுவத்தையும் அடிக்கணும். மூலையில நிறுத்தினாத்தான் ரெண்டு கலவையோட வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சாண் கீறலுக்கு ஒரு முழுச் சுவர்! சாமான் எல்லாத்தையும் நகர்த்தி, தரையை மூடி, ஸ்விட்ச் போர்டைச் சுத்தி டேப் ஒட்டி, ரெண்டு கோட்டு. அந்தச் சாம்பல் கலந்த பச்சையைத் தேர்ந்தெடுக்க மூணு நாள் சுவத்துல கையகலத் திட்டுகளா அடிச்சு, காலை வெயில்லயும் ராத்திரி விளக்குலயும் மாறி மாறிப் பார்த்திருக்கேன். அதோட அருமை ‘மூடிட்டேன்க்கா’ன்னு சொன்னவனுக்கு எப்படித் தெரியும்?

அவன் இந்தச் சுவத்தை அடிச்ச அன்னிக்கு நடந்தது ஒவ்வொண்ணும் கண்ணு முன்னால நிக்குது. காலையிலயே ஆரம்பிச்சிருச்சு சனியன். டப்பாவைத் திறக்க ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். சரி, அகலமான முனையா எடுத்து, கொஞ்சம் நெம்பி, டப்பாவைச் சுத்தி, இன்னும் கொஞ்சம் நெம்பித் திறக்கணும். இவன் கூர் முனையை ஒரே இடத்துல விட்டு ஒரே அழுத்து. மூடி திறந்துச்சு. விளிம்பு அந்த இடத்துல மடங்கிப்போச்சு. அந்த நிமிஷமே டப்பாவோட ஆயுசு முடிஞ்சுது, எனக்குத்தான் அப்ப தெரியல.

அப்புறம் நாள் முழுக்க டப்பாவுல இருந்து நேரா டிரேக்கு ஊத்தினான். ஒவ்வொரு தடவையும் வாயைச் சுத்தி இருக்கிற வாய்க்கால்ல பெயிண்ட் வழிஞ்சு தேங்குது. ஒரு தடவையாவது பிரஷ்ஷால வழிச்சு விட்டானா? இல்ல. வாய்க்கால்ல ஆணியால நாலு ஓட்டை போட்டிருந்தா வழியிறது தானா உள்ளயே இறங்கியிருக்கும். மூடினப்புறம் அந்த ஓட்டைக்கு மேல மூடி உக்காந்துக்கும், காத்தும் போகாது. சொன்னேன். “டப்பாவுல ஓட்டை போடச் சொல்றியேக்கா”ன்னு என்னையே ஒரு மாதிரி பார்த்தான்.

ரெண்டாவது கோட்டு முடிஞ்சுது. டிரேயில கொஞ்சம் மிச்சம். என்ன பண்றான்னு பார்க்கறதுக்குள்ள அதைத் தூக்கி டப்பாவுக்குள்ளயே கவுத்துட்டான். “டேய் டேய் டேய்!”னு கத்துறேன். கவுத்தே முடிச்சுட்டான். பட்டி தேய்ச்ச தூள் அதுல, ரோலர்ல இருந்து உதிர்ந்த இழை அதுல, ஓரத்துல காஞ்சு உரிஞ்ச பொருக்கு அதுல. எல்லாம் நல்ல பெயிண்டோட சேர்ந்துச்சு. “வீணாப் போகுமேன்னுதான்க்கா.” ஒரு கரண்டி வீணாகக் கூடாதுன்னு ஒரு டப்பாவையே வீணாக்கினான். டிரேயில மிஞ்சினதைத் தனியா ஒரு சின்ன புட்டியில வச்சா என்ன? இல்ல, அலமாரிக்குப் பின்னால யாரும் பார்க்காத இடத்துல இன்னொரு கோட்டு அடிச்சு தீர்த்தா என்ன?

இப்ப மூடுற கட்டம். வாய்க்கால் நிறைய ஈர பெயிண்ட். அதுமேல மூடியை வச்சான். சுத்தியலை எடுத்தான். மூடிக்கும் சுத்தியலுக்கும் நடுவுல ஒரு பலகைத் துண்டு வைக்கணும், அப்பதான் அழுத்தம் சுத்திவரப் பரவும். இவன் நேரா ஓரத்துலயே ஒரு போடு போட்டான். இந்தப் பக்கம் இறங்கிச்சு, அந்தப் பக்கம் எழும்பிச்சு. அந்தப் பக்கம் ஒரு போடு. இந்தப் பக்கம் எழும்பிச்சு. மறுபடி இந்தப் பக்கம். வாய்க்கால்ல இருந்த பெயிண்ட் சிதறி என் கன்னத்துல, அவன் கண்ணாடியில, அப்பதான் துடைச்சு வச்ச கதவு நிலையில. நடுவுல ஒரு அடி மூடியோட மையத்துல விழுந்து, அது குழிஞ்சு, சுத்தி இருந்த விளிம்பு மொத்தமா மேல கிளம்பிச்சு. காலையில மடங்கின இடத்துல விரல் நுழையிற அளவுக்குச் சந்து. என் கண்ணுக்குத் தெரியுது. “அங்க திறந்திருக்குடா”ங்கறேன். உள்ளங்கையால ஒரு தட்டு தட்டிட்டு, கையைப் பின்னால துடைச்சுக்கிட்டுத் திரும்பினான்.

“மூடிட்டேன்க்கா.”

அரை நிமிஷம் போதுங்க. 30 விநாடி! வாய்க்காலை பிரஷ்ஷால வழி. ஈரத்துணியால ஒரு சுத்து துடை. வாய்க்கு மேல ஒரு பிளாஸ்டிக் தாளை விரி. மூடியை வை. பலகையை வச்சு சுத்திவரத் தட்டு. அவ்வளவுதான். எட்டு மணி நேரம் தோள் கழல வேலை செஞ்சவனுக்குக் கடைசி அரை நிமிஷத்துல பொறுமை போயிடுது. எல்லாரும் அப்படித்தான். வேலை முடிஞ்சுதுன்னு மனசு சொல்லிடுது, டப்பா அநாதையாயிடுது.

இதைக்கூட மன்னிச்சிருப்பேன். அவன் கைபட்ட டப்பா அது ஒண்ணு மட்டும் இல்ல. கதவுக்கு அடிச்ச எனாமலை, அதான் எண்ணெய் பெயிண்டைப் பாருங்க. அதுக்குத் தண்ணி ஆவியாக வேண்டிய வேலையே இல்ல, காத்துல இருக்கிற ஆக்சிஜன் பட்டாலே இறுகும். சீக்கிரம் இறுகணும்னே அதுக்குள்ள மருந்து கலந்திருக்கு. கதவுல இருக்கோமா டப்பாவுல இருக்கோமான்னு அதுக்குத் தெரியுமா? ஏடு படியாம இருக்கவும் ஒண்ணு கலந்துதான் வருது, ஆனா அது ஆவியாகிப் போற வகை. டப்பாவைத் திறந்து போட்டா அது பறந்துடும். மூடுறதுக்கு முன்னால மேல ஒரு மெல்லிசான அளவு தின்னரைக் கலக்காம விட்டிருந்தாலே ஏடு படியிறது குறையும். அதையும் செய்யல. சரி, ஏடு படிஞ்சுது. எனாமல்ல அடியில நல்ல பெயிண்ட் பெரும்பாலும் இருக்கும், ஓரமா அறுத்து முழுசா தூக்கிட்டு, மெல்லிசான நைலான் துணியில வடிகட்டினா போதும். இவன் குச்சியை விட்டு ஏட்டையும் சேர்த்துக் கலக்கிட்டான்! கலக்கி, படுக்கையறைக் கதவுல அடிச்சும் விட்டான். பக்கத்துல போய்ப் பாருங்க, பளபளன்னு இருக்கிற பரப்புல குருணை குருணையா, அரிப்பு வந்த தோல் மாதிரி. தினமும் கைப்பிடியைத் தொடும்போது விரல்ல நெருடுது.

பிரைமர் கதை இன்னும் மோசம். நல்லா ஓடணும்னு டப்பாவுல இருந்த மொத்தத்துக்கும் தண்ணி ஊத்திட்டான். வேணும்கற அளவைத் தனியா எடுத்துத்தான் தண்ணி கலக்கணும். கெட்டுப்போகாம இருக்க உள்ள போட்டிருக்கிற மருந்து அந்த அளவுக்குன்னு கணக்குப் பண்ணிப் போட்டது. தண்ணி சேர்ந்தா அதோட வீரியம் குறையும், குழாய்த் தண்ணியோடயும் அழுக்கு பிரஷ்ஷோடயும் கிருமி வேற உள்ள போகும். திறந்தேன். சாக்கடை நாத்தம். மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினேன். அந்த நாத்தம் வந்தப்புறம் அதைக் கலக்கி உபயோகிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

“தலைகீழா கவுத்து வச்சா காத்தே போகாது”ன்னு ஒரு கூட்டம் கிளம்பும். எனக்குத் தெரியும், இப்பவே சொல்லிடறேன். மூடி இறுக்கமா இருக்கிற டப்பாவைக் கவுத்து வைக்கத் தேவையே இல்ல. மூடி தளர்ந்த டப்பாவைக் கவுத்தா, காலையில அலமாரி முழுக்க பெயிண்ட். காத்துதான் பகைன்னா, காத்துக்கு இடம் கொடுக்காதீங்க. மூணுல ரெண்டு பங்கு காலியா இருக்கிற டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் அந்த ரெண்டு பங்கும் காத்துதானே? சின்ன ஜாடிக்கு மாத்தி கழுத்து வரைக்கும் நிரப்பினா தீர்ந்துச்சு பிரச்சினை. தகர டப்பாவா இருந்தா வெறும் சிமென்ட் தரையில வைக்காதீங்க, ஈரம் ஏறித் துரு பிடிக்கும். தண்ணி உறையிற குளிர்லயும் எமல்ஷனை விடாதீங்க, உறைஞ்சு உருகினா திரிஞ்சு கட்டி தட்டிப்போகும்.

ரோலரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா ரத்தம் கொதிக்கும். முதல் கோட்டுக்கும் ரெண்டாவது கோட்டுக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு, காத்தைப் பிதுக்கி, கழுத்தை இறுக்கிக் கட்டினா மறுநாள் காலை வரைக்கும்கூட மெத்துன்னு இருக்கும். இவன் வேலை முடிஞ்சதும் டிரேயிலயே போட்டுட்டுத் தூங்கப் போனான். காலையில கட்டை.

“மிச்சம்தானேக்கா.” கடைசியா அவன் போன்ல சொன்னது இது. மிச்சமா? சுவத்துல இருக்கிறதும் டப்பாவுல இருக்கிறதும் ஒரே நாள்ல ஒரே கலவையில பிறந்தது. அது எனக்கு இனிமே எங்கயும் கிடைக்காது. போனை வச்சுட்டேன்.

புது டப்பா வந்துச்சு. முழுச் சுவத்தையும் நானே அடிச்சு முடிச்சேன், இப்ப ராத்திரி பதினோரு மணி. முதுகு நிமிரல. மிஞ்சினதைச் சின்ன ஜாடியில கழுத்து வரைக்கும் ஊத்தி, வாயைத் துடைச்சு, பிளாஸ்டிக் தாள் விரிச்சு, மூடியைத் திருகி, கவுத்துக்கூடப் பார்த்துட்டேன். ஒரு சொட்டு வரல. இனி மேல ஒரு தாளை ஒட்டி ஷேடு நம்பர், கலவை நம்பர், எந்தச் சுவர், எந்தத் தேதின்னு எழுதணும். எழுதாத டப்பா ஒரு வருஷத்துல அடையாளம் தெரியாத டப்பா.

மேசை டிராயரைத் திறந்து மார்க்கர் பேனாவை எடுத்தேன். மூடி இல்ல. முனை காஞ்சு கல்லா இருக்கு.

இந்த வீட்டுல கடைசியா மார்க்கர்ல எழுதினது யாரு? எனக்கு இப்பவே தெரியணும்!