மோரிஸ் மைனருக்கு அலாரம் பொருத்தும் முன்

பழைய கார்களுக்கு ரிமோட் அலாரம் பொருத்தும் முறையைத் தெளிவாக விளக்கிய கட்டுரை, பாடியில் பேட்டரியின் எந்த முனை இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்று கடையில் கிடைக்கும் அலாரங்களோ மைனஸ் பாடிக்குப் போகும் கார்களுக்கென்றே செய்யப்பட்டவை. என் 1958 மோரிஸ் மைனரில், வழக்கம்போல் கறுப்புக் கம்பியைப் பாடியில் முடுக்கிய எலக்ட்ரீஷியன் பேட்டரியை இணைத்த நொடியே பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது. சைரன் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை!

அலாரம் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் இழுக்கும். 20 மில்லிஆம்பியர் என்றாலும் மாதத்துக்குச் சுமார் 14 ஆம்பியர்-மணி போய்விடும் என்பதால், ஞாயிறு மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு அது சிறிய செலவல்ல.

ஆகவே நான் மறைவான சுவிட்ச் ஒன்றையே நம்புகிறேன். எஞ்சினுக்குப் பொறி தரும் காயிலுக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிப்பதைவிட, காயிலிலிருந்து பாயிண்டுக்கு (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் தொடுமுனைக்கு) போகும் கம்பியை அந்தச் சுவிட்ச் வழியாகப் பாடியோடு சேர்த்துவிடுவது மேல். ஏனெனில், திருடன் பானெட்டைத் திறந்து பேட்டரியிலிருந்து நேரே காயிலுக்குக் கம்பி இழுத்தாலும் ஸ்டார்ட்டர் சுற்றுமே தவிர பொறி வராது. சுவிட்சுக்குப் போகும் கம்பி மட்டும் பழைய வயரிங்கின் நிறத்திலேயே, துணி சுற்றியதாக இருக்க வேண்டும். புத்தம்புதிய சிவப்புக் கம்பி திருடனுக்கு வழிகாட்டிவிடும். கட்டியிழுத்துச் செல்பவரை இது தடுக்காது, அதற்கு ஸ்டியரிங் பூட்டும் ஷெட் கதவும்தான்.