கிரவுண்டை விட்டுவிட்டு வீட்டைக் கட்டுங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வீட்டுத்திட்டம் வருகிறது. ஒரு குடும்பத்துக்கு 10 பேர்ச். வெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு துண்டுக் காணி. தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில், 10க்கு 12 அடி காம்பராவில் மூன்று தலைமுறையாகப் படுத்து எழும்பிய எங்களுக்கு 2,722 சதுர அடி என்றால் என்னவென்று தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நானும் வீடு கேட்டுக் காத்திருக்கிறவன்தான்.

போன வாரம், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் தேத்தண்ணிக் கோப்பை. கோயில் இருந்தது, பாதை இருந்தது, தண்ணீர் ஓடும் கான் கூட நீலக்கோடாக இருந்தது. பிள்ளைகள் விளையாடும் கிரவுண்டை மட்டும் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு நம்பர்.

ஏன் அந்த இடம் என்பது புரியாமல் இல்லை. தோட்டத்திலேயே சமதரை அது ஒன்றுதான். மலையை வெட்ட வேண்டாம், தேயிலையைப் பிடுங்க வேண்டாம், செலவு குறையும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சரி என்று சொல்லாத சரிவில் ஒரு கல் கூட வைக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்த இரவை அதற்குள் மறந்துவிட்டோமா? மேட்டு லயத்துக்குப் பின்னால் மண் வெடித்துவிட்டது என்று யாரோ கத்த, இருட்டில் எல்லோரும் எங்கே ஓடினோம்? கிரவுண்டுக்குத்தான். மலையிலிருந்து தள்ளி, தலைக்கு மேல் மரம் இல்லாமல் நிற்க வேறு இடம் இல்லை. உரச்சாக்கை வெட்டி விரித்துப் பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்தோம். விடியும்வரை தலையை எண்ணிக்கொண்டே இருந்தோம். அந்த இடத்தில் வீடு வந்துவிட்டால், அடுத்த தடவை எங்கே ஓடுவது?

கூட்டத்தில் ஒரு தம்பி எழும்பி, "அண்ணே, கிரவுண்டுல நாம படுக்க ஏலுமா? எங்க காம்பராவுல ஆறு பேரு" என்றான். எனக்கு வாயடைத்துவிட்டது. அவன் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. பக்கத்தில் இருந்த வயதான அக்கா, "அப்ப மாசியில காமன் கூத்துக் கம்பத்த எங்க ஊண்டுவீங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அதற்கும் யாரிடமும் பதில் இல்லை. வீடு வேண்டும் என்கிறவரும் கிரவுண்டு வேண்டும் என்கிறவரும் ஒரே லயத்து ஆட்கள். இரண்டில் ஒன்றை எடு என்று நம்மிடம் கேட்பதே தவறு என்பதுதான் என் கருத்து.

பணிய கணக்கில், அதாவது தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், பழைய தேயிலை கைவிடப்பட்டு மானாப் புல் மண்டிக் கிடக்கிறது. கொழுந்து எடுத்துப் பல வருடம். அங்கே சரிவு குறைவு என்பது என் கண்ணுக்குத் தெரிவது. ஆராய்ச்சி நிறுவனத்து அதிகாரிகள் வந்து பார்த்துச் சொல்லட்டும். பார்க்கும்படி யாராவது அவர்களைக் கேட்டார்களா? கூட்டத்தில் இரண்டு தடவை கேட்டேன். "பிறகு பேசுவோம்" என்றார்கள்.

இன்னொன்று. டவுன் பக்கம் ஒரு ஹெக்டேயருக்கு மேல் காணியைத் துண்டு போட்டால், நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிப்படி ஆகக் குறைந்தது 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். டவுனில் காணி வாங்குகிறவரின் பிள்ளைக்கு விளையாட இடம் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் அது வேண்டாமா? உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை தோட்டங்களுக்குள்ளும் வேலை செய்யலாம் என்று 2018இல் அதன் சட்டத்தைத் திருத்தியாயிற்று. அப்படியென்றால் கிரவுண்டைப் பிரதேச சபையின் பெயரில் பொதுக்காணியாகப் பதிந்து தாருங்கள் என்று கேட்க நமக்கு வாய் இருக்கிறது. வாய்ப்பேச்சாகத் தந்தால், அடுத்த வரைபடத்தில் மறுபடியும் கட்டம் போடுவார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் வாசலில் கடிதம் எழுதுகிறோம். அந்தத் தம்பியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வீட்டுக்குக் காத்திருக்கும் குடும்பங்களின் பெயர்தான் முதல் பக்கம். புயல் இரவில் கிரவுண்டில் நின்றவர்களின் பெயர் இரண்டாம் பக்கம். யார் பெயரும் விடுபடாமல் இருக்க, மூன்று கணக்கிலிருந்தும் ஆட்கள் வாருங்கள்.