லேடீஸ் மேட்ச்தானே!

"லேடீஸ் மேட்ச்தானேம்மா, அப்புறமா ஹைலைட்ஸ் பார்த்துக்கலாம்."

2024 ஏப்ரல் 7, ஞாயிறு மதியம் மூன்று மணி. அமெரிக்காவில் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் இதை என்னிடம் சொன்னார்கள். டிவியில் அன்று காலையிலேயே முடிந்துபோன ஐபிஎல் ஆட்டம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. யார் ஜெயித்தது என்று அந்த ஹாலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நான் கேட்டது இரண்டு மணி நேரம், ஒரு சேனல். கிளீவ்லாந்தில் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதிப்போட்டி, சவுத் கரோலினாவும் அயோவாவும். ரிமோட்டை யாரும் தரவில்லை. சமையலறையில் மிக்சிமேல் போனைச் சாய்த்து வைத்து, நானும் என் பத்து வயது மகளும் நின்றுகொண்டே பார்த்தோம். அவள் கையில் இருந்த அப்பளம் நமத்துப் போகும்வரை அவள் கண் போனைவிட்டு நகரவில்லை.

அந்த "தானே"தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்தச் சவுத் கரோலினா அணி என்ன பாடுபட்டு அங்கே வந்து நின்றது என்று யாருக்காவது தெரியுமா? அதற்கு முந்தைய ஆண்டு, 2023இல், 36 ஆட்டம் தோற்காமல் வந்து டல்லாஸில் அரையிறுதியில் இதே அயோவாவிடம் 77–73 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் சவுத் கரோலினாவின் ரேவன் ஜான்சன் த்ரீ-பாயிண்ட் கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்கிறார்; அங்கிருந்து போட்டால் மூன்று புள்ளி. அவரைத் தடுக்க வேண்டிய அயோவாவின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் கிட்டவே போகவில்லை. "நீ போட்டால் போட்டுக்கொள்" என்பதுபோல் கையை ஒரு வீசு வீசிவிட்டுத் திரும்பி நடந்தார். அந்தச் சில நொடி வீடியோவை ஊரே பகிர்ந்து சிரித்தது. கூடைப்பந்தையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக ரேவன் பின்னால் வெளிப்படையாகவே சொன்னார். கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்!

போதாததற்கு, தொடங்கி ஆடிய ஐந்து பேரும் அந்த ஆண்டோடு போய்விட்டார்கள். அடுத்த சீசன் தொடங்கும்போது தரவரிசையில் ஆறாவது இடம்தான் கொடுத்தார்கள். கோச் டான் ஸ்டேலி, பெஞ்சில் இருந்த பெண்களையும் புதிதாக வந்தவர்களையும் வைத்தே அணியைக் கட்டினார். பாரிஸில் நடந்த முதல் ஆட்டத்திலேயே நோட்டர் டேமை 100–71 என்று அடித்தார்கள். எஸ்இசி, அதாவது அவர்கள் சேர்ந்திருக்கும் கல்லூரிக் கூட்டமைப்பு, நடத்திய போட்டியின் அரையிறுதியில் டென்னசியிடம் இரண்டு புள்ளி பின்தங்கி, கடைசி நொடியில் பந்து கமிலா கார்டோசோ கையில். ஆறடி ஏழு அங்குலம், கூடைக்கு அடியில் நின்று ஆடுகிறவர். கல்லூரி ஆட்டத்தில் அதுவரை ஒரு த்ரீ-பாயிண்டர்கூடப் போட்டதில்லை. தூக்கிப் போட்டார், விழுந்தது. 74–73. இன்றைக்கு அந்த வீடியோவைப் பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

அப்புறம் அந்த இறுதி ஆட்டம். எடுத்த எடுப்பில் அயோவா 10–0. முதல் குவார்ட்டரில் கிளார்க் மட்டும் 18 புள்ளி. சவுத் கரோலினா அசரவில்லை. கிளார்க்கை மறித்து நின்றது யார்? அதே ரேவன்! முதல் பாதி முடிகிற நேரத்தில் கிளார்க் கையிலிருந்த பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய்க் கூடையில் போட்டார். சமையலறையில் நாங்கள் போட்ட சத்தத்தில் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

87–75. 38 ஆட்டம், 38 வெற்றி. பெஞ்சிலிருந்து வந்தவர்கள் மட்டும் 37 புள்ளி; அயோவா பெஞ்ச் பூஜ்யம். முதலாண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன் 19. கமிலா 15 புள்ளி, 17 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அந்தக் கமிலா பதினைந்து வயதில் ஆங்கிலம் தெரியாமல் பிரேசிலிலிருந்து அமெரிக்காவுக்குத் தனியாக வந்த பெண். இதையெல்லாம் விட்டுவிட்டு, மறுநாள் என்னிடம் பேசிய ஒவ்வொருவரும் கேட்டது ஒன்றுதான்: "பாவம், கிளார்க் தோத்துட்டாளாமே?" கிளார்க்கை நான் குறைசொல்லவில்லை. அன்றும் 30 புள்ளி எடுத்தார், அபாரமான ஆட்டக்காரி. ஆனால் ஜெயித்தவர்கள் பெயரைக் கேட்க ஒருவருக்குமா தோன்றாது?

"பார்க்க ஆள் இல்லை, அதனால்தான் மதிப்பு இல்லை" என்று இனி யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அமெரிக்காவில் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர். மறுநாள் நடந்த ஆண்கள் இறுதிப்போட்டிக்கு 1 கோடியே 48 லட்சம். ஆள் இருக்கிறது. நடத்துகிறவர்களுக்குத்தான் மனசு இல்லை. 2021இல் இதே போட்டி சான் அன்டோனியோவில் நடந்தபோது, இதை நடத்துகிற கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ பெண்களுக்குக் கொடுத்த ஜிம் என்ன தெரியுமா? ஒரே ஒரு சின்ன டம்பெல் ஸ்டாண்டும் கொஞ்சம் யோகா விரிப்பும். இண்டியானாபோலிஸில் ஆண்களுக்கு ஒரு ஹால் நிறையக் கருவிகள். கேட்டதற்கு "இடம் இல்லை" என்றார்கள். ஓரிகான் அணிப் பெண் ஒருவர் பக்கத்திலேயே வெறிச்சோடிக் கிடந்த இடத்தைப் போனில் படம்பிடித்துப் போட்டார். அடுத்த இரண்டே நாளில் ஜிம் வந்துவிட்டது. அப்படியானால் முதலில் ஏன் வரவில்லை?

திருந்தினார்களா என்றால், அதே 2024 பெண்கள் போட்டியில், போர்ட்லாந்து மைதானத்தில் த்ரீ-பாயிண்ட் கோட்டைத் தப்பாகப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஒரு தூரம், மறுபக்கம் வேறு தூரம். நான்கு ஆட்டம் அப்படியே நடந்து முடிந்தது. ஐந்தாவதுக்கு முன்னால்தான் கண்டுபிடித்தார்கள். அதையும் அதே கோட்டில்தான் ஆடவிட்டார்கள். ஒரு டேப்பை வைத்து அளந்து பார்க்கக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லையா?

காசு விஷயம் இதைவிடக் கொடுமை. ஆண்கள் போட்டியில் ஓர் அணி ஒரே ஒரு ஆட்டம் ஆடித் தோற்று வீட்டுக்குப் போனாலும், அது சேர்ந்திருக்கும் கல்லூரிக் கூட்டமைப்புக்கு என்சிஏஏவிடமிருந்து ஆறு ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் டாலர் வரும். 2024இல் ஆறு சுற்றும் ஜெயித்து, ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை வாங்கிய சவுத் கரோலினா பெண்களின் ஆட்டத்துக்கு அந்த வகையில் வந்தது ஒரு டாலர்கூட இல்லை. பெண்கள் போட்டிக்கு அப்படியொரு கணக்கே அதுவரை கிடையாது. 2025 ஜனவரியில்தான் ஓட்டுப்போட்டுத் தொடங்கினார்கள், அந்த ஆண்டுப் போட்டியிலிருந்து. ரேவன் பறித்த பந்துக்கும், டெஸ்ஸாவின் 19 புள்ளிக்கும், கமிலாவின் 17 ரீபவுண்டுக்கும் அதில் ஒரு காசு ஏறாது.