1879 ஜனவரி: டுகேலா ஆற்றின் எந்தக் கரையில் படை காத்திருந்தது?

தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆங்கிலேய–ஜூலு போரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1879 ஜனவரி 22ஆம் தேதியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அன்று பகலில் இசண்ட்ல்வானா மலையடிவாரத்தில் பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் மாண்டதும், அன்றிரவு ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்னும் ஆற்றுத்துறையில் சுமார் 150 பேர் ஆயிரக்கணக்கான ஜூலு வீரர்களை எதிர்த்து நின்று பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவைகள் 11ஐப் பெற்றதும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஆனால் அந்தப் போரின் நியாயத்தை எடைபோட வேண்டிய நாள், ஜூலுக்களுக்குப் பிரிட்டிஷார் விதித்த கெடு முடிந்த ஜனவரி 10 என்பது என் உறுதியான கருத்து. அன்று படைகள் எங்கெங்கே நின்றன என்று பார்த்தாலே, தாக்க வந்தவர் யார் என்பது விளங்கிவிடும்.

பிரிட்டிஷாரின் நேட்டால் குடியேற்றத்தையும் ஜூலு நாட்டையும் பிரித்தவை பஃபலோ, டுகேலா என்னும் இரு ஆறுகள். கடலோரத்தில், கீழ் டுகேலா துறையின் நேட்டால் கரையில் கர்னல் பியர்சனின் பிரிட்டிஷ் படை நின்றது. ரோர்க்ஸ் டிரிஃப்டில் நடுப்படை நின்றது. தலைமைத் தளபதி செம்ஸ்ஃபோர்டு பிரபுவும் அதனுடன் இருந்தார். வடக்கே ஈவ்லின் வுட்டின் படை. மாட்டுவண்டிகள், பீரங்கிகள், ஆற்றைக் கடப்பதற்கான மிதவைகள் எல்லாம் ஆயத்தமாக இருந்தன. இப்படையினரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்கர்கள் என்பதையும், நேட்டாலில் திரட்டப்பட்ட அந்தக் காலாட்படையினரில் பத்தில் ஒருவருக்கே துப்பாக்கி தரப்பட்டது என்பதையும் வெற்றிக் கதைகள் எளிதில் மறந்துவிடுகின்றன.

ஜூலுக்களின் முதன்மைப் படையோ எல்லையிலேயே இல்லை. பல நாள் நடைத் தொலைவில், அரசர் செட்ஷ்வாயோவின் தலைநகரான உலுண்டியை ஒட்டித்தான் அது திரண்டது. ஜனவரி 11 அன்று பிரிட்டிஷ் நடுப்படை ஆற்றைக் கடந்து, மறுநாள் சிஹாயோ என்னும் தலைவரின் குடியிருப்பைத் தாக்கிய பிறகே, 17ஆம் தேதி ஜூலு படை புறப்பட்டது. அப்போதும் நேட்டாலுக்குள் நுழையக் கூடாது என்பது அரசரின் கட்டளை. ரோர்க்ஸ் டிரிஃப்டைத் தாக்கிய டபுலமான்சி, அரசரின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரராக இருந்தும், அக்கட்டளையை மீறியே ஆற்றைக் கடந்தார்.

சிஹாயோவின் மகன்கள் 1878இல் நேட்டாலுக்குள் புகுந்து, அங்கே தப்பியோடியிருந்த தம் தந்தையின் மனைவியர் இருவரை இழுத்துச் சென்று கொன்றதைச் சிலர் போருக்குக் காரணமாகக் காட்டுவார்கள். அது கொடுமையான குற்றம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கு இழப்பீடு தர அரசர் முன்வந்தார். ஒரு குடும்பத்தின் குற்றத்துக்காக ஒரு நாட்டின் படையையே கலைக்கச் சொல்வது நீதியாகாது.

1878 டிசம்பர் 11 அன்று டுகேலாக் கரையில் நடந்ததுதான் என்னை மிகவும் கலங்கச் செய்கிறது. ஜூலு நாட்டின் அண்டைப் பகுதியான டிரான்ஸ்வால் உரிமை கோரிவந்த எல்லை நிலம் பெரும்பாலும் ஜூலுக்களுக்கே உரியது என்று நேட்டால் துணை ஆளுநர் ஹென்றி புல்வர் அமைத்த ஆணையம் கண்டறிந்திருந்தது. தென்னாப்பிரிக்காவுக்கான பிரிட்டிஷ் உயர் ஆணையர் பார்டில் ஃப்ரேர் அந்த அறிக்கையைப் பல மாதங்கள் வெளியிடாமல் வைத்திருந்து, ஜூலு அரசரின் பிரதிநிதிகளை வரவழைத்து, முற்பகலில் தீர்ப்பை வாசிக்கச் செய்தார். பிற்பகலில் இறுதி எச்சரிக்கையை வாசிக்கச் செய்தார். ஜூலு இளைஞர்கள் வயதுவாரியாகச் சேர்ந்து அரசருக்குப் பணிபுரியும் படையமைப்பு கலைக்கப்பட வேண்டும்; பிரிட்டிஷ் பிரதிநிதி ஒருவரை ஏற்க வேண்டும்; கெடு 30 நாள். அந்த அரசே அப்படையமைப்பின் மீதுதான் நின்றது. எந்த அரசரும் ஏற்க இயலாத நிபந்தனை என்பது தெரிந்தே அது விதிக்கப்பட்டது என்றுதான் நான் கருதுகிறேன்.

லண்டன் அரசு போரை விரும்பவில்லை. ஆப்கானிஸ்தான் போரே அதற்குப் போதுமான சுமையாக இருந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு நேரடித் தந்தி இல்லாத காலத்தில் கடிதம் வந்துசேரப் பல வாரங்கள் ஆயின. அந்த இடைவெளியை ஃப்ரேர் பயன்படுத்திக்கொண்டார். கோடை மழையால் ஆறுகள் பெருகியிருப்பதால் ஜூலுக்கள் எளிதில் நேட்டாலுக்குள் வர முடியாது என்பதும் ஜனவரியைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். நேட்டாலுக்கு ஆபத்து என்று சொன்னவர்களே நேட்டாலுக்கு ஆபத்து குறைந்த பருவத்தைப் பார்த்துப் படையெடுத்திருக்கிறார்கள். 1860 முதல் சென்னையிலிருந்து சென்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதே நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில்தான் இருந்தார்கள் என்பதால், நமக்கும் இந்த வரலாறு முற்றிலும் அந்நியமானதன்று.

ஃப்ரேரை லண்டன் பின்னர் கண்டித்தது, போரை நிறுத்தவில்லை. ஜூலை 4 அன்று உலுண்டி வீழ்ந்தது. ஆகஸ்டில் பிடிபட்ட செட்ஷ்வாயோ கேப் டவுனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவரது நாடு 13 தலைவர்களிடையே பங்கிடப்பட்டு, உள்நாட்டுப் போரில் சிதைந்து, 1887இல் பிரிட்டனுடன் இணைக்கப்பட்டது.