'டபிள்யூ பிளஸ்' பற்றி ஒரு திருத்தம்

"பைத்தான் புரோகிராமிங் மொழியில் ஒரே ஃபைலைப் படிக்கவும் எழுதவும் வேண்டுமா, 'டபிள்யூ பிளஸ்' (w+) மோடில் திறந்தால் போதும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதை அப்படியே செய்துவிடாதீர்கள். அந்த மோடில் திறந்த நொடியிலேயே ஃபைலில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். ஒரு எழுத்துகூட எழுத வேண்டியதில்லை, திறந்ததே போதும். பிறகு ரீட் செய்தால் காலி ஸ்ட்ரிங்தான், அதாவது ஒரு எழுத்தும் இல்லாத உரைதான், வரும். எரர்கூட வராது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

இருப்பதை வைத்துக்கொண்டு மாற்ற 'ஆர் பிளஸ்' (r+) மோட் வேண்டும். அதிலும் படிக்க ஒன்று, எழுத ஒன்று என்று தனித்தனி கர்சர் (ஃபைலில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்ற குறி) கிடையாது; இரண்டுக்கும் ஒன்றேதான். ஃபைலில் 100 என்று மட்டும் இருக்கிறது, அதை 99 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் கர்சர் கடைசியில் நிற்கும். அப்படியே எழுதினால் 10099 ஆகிவிடும். கர்சரை நகர்த்தும் சீக் போட்டு முதலுக்கு வந்து எழுதினாலோ 990! பழைய சைபர் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கும். எழுதிய கையோடு, கர்சருக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும் ட்ரங்கேட்டையும் அழைத்தால்தான் 99 கிடைக்கும்.

முக்கியமான ஃபைல் என்றால் நான் இந்த வழிக்கே போகமாட்டேன். அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைல் திறந்து, புதியதை முழுவதும் எழுதி மூடிவிட்டு, கடைசியில் பைத்தானோடு வரும் ஓஎஸ் மாட்யூலின் ரீப்ளேஸ் ஃபங்ஷன் கொண்டு பழையதன் இடத்தில் வைப்பேன். எழுதும்போது நடுவில் புரோகிராம் நின்றுபோனாலும் பழைய ஃபைல் அப்படியே இருக்கும்.